கத்தி இருந்தால் ராஜா

சேத்தமேட்டு ராஜாவை நான் முதன்முதலாகப் பார்த்தபோது அவர் சின்னபொண்ணுவின் எருக்குழிக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தார். அவர் ராஜா என்பது அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை; அவரை ராஜாவாக்கிய ஓட்டெடுப்பு பிறகுதான் நடந்தது.

பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலம், முப்பத்தஞ்சோ முப்பத்தாறோ. பாகூர் ஏரிக்குத் தெற்கே எங்கள் சேத்தமேடு. எங்கள் வரப்பில் நின்று தும்மினால் தும்மல் இங்கிலீஷ்காரன் எல்லையில் போய் விழும். மேட்டுக்கொல்லையில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போட்டுப் பிழைத்துவந்தவள் சின்னபொண்ணு. அவள் புருஷன் செல்லப்பன் காவல்காரன் வேலைக்கென்று சைகோனுக்குக் கப்பலேறி வருஷக்கணக்காகிவிட்டது. எங்கள் பக்கத்தில் சைகோனுக்குப் போன ஆம்பிளைகள் சிலர் தொப்பியோடு திரும்பி வருவார்கள், சிலர் திரும்பி வரமாட்டார்கள். யாரும் அதைப்பற்றிக் கொட்டு அடிப்பதில்லை.

எருக்குழி வெட்டக் கூலிக்குப் போனவர்களில் நானும் ஒருவன். கடப்பாரை பட்டு ‘டொக்’ என்றது. மண்ணை விலக்கினால், ஓர் ஆளை உட்கார வைக்கிற அளவுக்குப் பெரிய மண்தாழி. உள்ளே எலும்புக்கூடு. வலக்கைப் பக்கம் துருப்பிடித்த நீளக் கத்தி. கையில் சங்கு வளையல். மடியில் சுள்ளி போலச் சில சின்ன எலும்புகள்.

நாங்கள் பயப்படவில்லை. ஆதிகாலத்து ஜனங்கள் செத்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்தார்கள் என்பது எங்கள் பக்கத்தில் கிணறு வெட்டுகிற எல்லோருக்கும் தெரியும். கற்பூரம் கொளுத்திவிட்டு, மூடிவிட்டு, நாலடி தள்ளி வெட்டலாம் என்றோம். அதற்குள், கள்ளச்சாராயம் தேடிக்கொண்டு கொல்லைக் கொல்லையாகக் குத்திப் பார்த்து வந்த போலீஸ் சிப்பாய் ஒருவன் குழியை எட்டிப் பார்த்துவிட்டான். சாராயம் கிடைக்காத கோபத்தில் அவன் பிணத்தை எழுதிக்கொண்டு போனான்.

மறுநாள் கொம்மிசேர் வந்தார். போலீஸ் தலைவரைத்தான் அப்படிச் சொல்வோம். பெயர் நாகராஜன். சந்தேகப்படுவதற்காகவே பிறந்த மனிதர். சேவல் கூவினால், எதற்காகக் கூவியது, யார் சொல்லிக் கூவியது என்று விசாரித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

“இது யாரு?” என்று சின்னபொண்ணுவைக் கேட்டார்.

“தெரியாதுங்க.”

“உன் கொல்லையில கெடக்குது, உனக்குத் தெரியாதா?”

“என் கொல்லையில பாம்புங்கூட கெடக்குது. அதும் பேரும் தெரியாதுங்க.”

“வூட்டுக்காரன் எங்க?”

“சைகோன்ல.”

கொம்மிசேர் குழியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி குழியைப் பார்த்தார். “சைகோன் எந்தப் பக்கம்மே?”

“கெழக்கால.”

“இந்தக் குழியும் உன் வூட்டுக்குக் கெழக்காலதான் இருக்குது.”

அதோடு விசாரணை முக்கால்வாசி முடிந்துவிட்டது. கால்வாசி மட்டும்தான் பாக்கி: அவளைப் புதுச்சேரி ஜெயிலுக்கு வண்டியில் கொண்டுபோவதா, நடத்திக் கொண்டுபோவதா என்பது.

அந்த நேரம் பார்த்து ஆரோக்கியம் சொல்தா வந்து சேர்ந்தார். பட்டாளத்துச் சிப்பாயைத்தான் சொல்தா என்போம்; சைகோனிலிருந்து அந்த மாசம்தான் லீவில் ஊருக்கு வந்தவர். மனசில் கள்ளமில்லாதவர், வாயில் கதவு இல்லாதவர்.

“ஐயா, செல்லப்பன் உசுரோட கீறான்யா. நான் கண்ணால பாத்தேன். கப்பல் ஏறுறப்போ எனக்குக் கைகூட காட்டுனான். அந்த ஊருக்காரி ஒருத்தியோட நல்லாக் குடுத்தனம் பண்றான். ரெண்டு புள்ள.”

சின்னபொண்ணு முந்தானையை இழுத்துச் செருகினாள். பின்பாதிச் சேதியை அவள் அன்றைக்குத்தான் கேட்கிறாள்.

“எத்தினி புள்ளைன்னீங்க?”

“ரெண்டு.”

“சரி,” என்றாள்.

கொம்மிசேர் விடவில்லை. “அந்தக் கோவத்துலதான் கொன்னியா?”

“உசுரோட கீறான்னு இப்பதான சொன்னாரு?”

“அது அங்க. நான் இங்க நடந்ததைக் கேக்குறேன். உனக்குக் கோவம் வர்றதுக்குக் காரணம் கெடைச்சிடுச்சு இல்ல?” என்று சொல்லி, காரணத்தைச் சிப்பாயிடம் எழுதிக்கொள்ளச் சொன்னார். புருஷன் உயிரோடிருப்பதற்குச் சாட்சி சொல்ல வந்தவர், அவனை அவள் கொன்றதற்குச் சாட்சியாகப் பதிவானார். ஆரோக்கியம் சொல்தா அன்று இரண்டு தடவை தன் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தார். மூளை இருக்கிறதா என்று பார்த்தாரோ என்னவோ.

கொல்லைக்குள் சின்னபொண்ணு கால் வைக்கக்கூடாது என்று உத்தரவு. கொலைக் கேஸ் தீர்ப்பாகும் வரை ஊரைவிட்டு நகரக்கூடாது என்று இன்னொரு உத்தரவு.

விஷயம் டவுனுக்குப் போனது. அங்கே புராதன சபை என்று ஒன்று இருந்தது. பூமிக்கடியில் எது கிடைத்தாலும் அது யாருடையது என்று முடிவு சொல்லும் அதிகாரம் அதற்கு உண்டு. பூமிக்கு மேலே இருப்பவர்களைப் பற்றி அது கவலைப்படுவதில்லை. தலைவர் தெலமார் துரை. சுங்க இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூட்டைக்குள் இருப்பதை மூட்டையை அவிழ்க்காமலே சொல்லிப் பழகியவர். அந்தப் பழக்கத்தைத் தாழிக்கும் வைத்துக்கொண்டார். சபையின் காரியதரிசி, துரையின் பேச்சைத் தமிழில் சொல்லும் உலகநாதன். துரை சிரித்தால் அதையும் மொழிபெயர்த்துச் சிரிப்பார்.

இருவரும் புஷ்வண்டியில் வந்து இறங்கினார்கள். பின்னால் தள்ளிக்கொண்டு வந்த ஆள் ஏரிக்கரையிலேயே உட்கார்ந்துவிட்டான். துரை குழிக்குப் பத்தடி தூரத்திலிருந்தே கத்தியைப் பார்த்துவிட்டார். தொப்பியைக் கழற்றினார்.

“ராஜா,” என்று மொழிபெயர்த்தார் உலகநாதன்.

பிறகு துரை எங்களுக்காக ஒரு பிரசங்கம் செய்தார். உலகநாதன் அதை இப்படிச் சொன்னார்:

“கிராமவாசிகளே, இவர் காலமாகி இரண்டாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. ஆதி மனிதர்களின் வாழ்க்கையை நாம் எப்படி அறிகிறோம்? கல்லறைகளால் அறிகிறோம். ஆணின் கல்லறையில் ஆயுதம் இருக்கும். ஏனென்றால் ஆண் வேட்டைக்குப் போனான். பெண்ணின் கல்லறையில் பானை இருக்கும். ஏனென்றால் பெண் காத்திருந்தாள். ஆண் போவதும் பெண் காத்திருப்பதுமே நாகரிகத்தின் அஸ்திவாரம். இதற்கு நிரூபணம் அவசியமில்லை. துரையவர்களின் மனைவியார் இன்றைக்கும் துரைக்காகக் காத்திருக்கிறார்.”

துரைசானி சொல்லாமல் கப்பலேறி பிரான்சுக்குப் போய் இரண்டு மழைக்காலம் ஆகியிருந்தது. அங்கேயும் காத்திருக்கலாம்தான்.

வரப்புக்கு வெளியே நின்ற சின்னபொண்ணு கேட்டாள்: “ஆம்பள வேட்டைக்குப் பூட்டான், பொம்பள காத்துக்கினு கீறா. அப்ப மல்லாட்டைய யாரு புடுங்குனாங்களாம்?”

உலகநாதன் இதை மொழிபெயர்க்கவில்லை.

“கையில வளையல் கீதே சாமி,” என்றேன் நான்.

அதை மொழிபெயர்த்தார். துரை கண்ணை மூடித் திறந்தார். தோற்றுப்போன மன்னர்களின் மனைவியரிடமிருந்து ராஜா வெற்றிச் சின்னமாகப் பறித்தது என்று பதில் வந்தது. பறித்ததை வைக்க இடமில்லாமல் கையில் மாட்டிக்கொண்டாராம்.

“மடியில சின்னப் புள்ள எலும்பு?”

“ராஜா இளகிய மனம் படைத்தவர்.”

இப்போது சபைக்கும் போலீசுக்கும் தகராறு. துரைக்கு அவர் இரண்டாயிரம் வருஷத்து ராஜா. கொம்மிசேருக்கு அவர் ஏழெட்டு வருஷத்துச் செல்லப்பன். காவல்காரன் வேலைக்குப் போனவனிடம் கத்தி இருப்பதில் அவருக்கு அதிசயம் இல்லை. வயசில்தான் இருவரும் சண்டை போட்டார்களே தவிர, ஆம்பிளை என்பதில் அண்ணன் தம்பியாக ஒத்துப்போனார்கள்.

சண்டையைத் தீர்க்க ஆஸ்பத்திரி டாக்டரை வரவழைத்தார்கள். ஒல்லியான மனிதர், மூக்குக்கண்ணாடி. அவர் ஒருவர்தான் குழிக்குள் இறங்கினார். இடுப்பெலும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பிரெஞ்சில் என்னவோ சொன்னார். உலகநாதன் வாயைத் திறந்தார், மூடினார். டாக்டரே தமிழில் சொல்லிவிட்டார்.

“இது பொம்பளை. பிள்ளை பெற்ற இடுப்பு. அநேகமாகப் பிள்ளை பெறும்போதே போயிருக்கலாம். கத்தி இவள் கத்திதான். கைக்குப் பக்கத்தில் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள்.”

சின்னபொண்ணுவுக்கு உயிர் வந்தது. “கொம்மிசேர் ஐயா, கேட்டுக்குங்க. இது பொம்பளையாம். எம் புருசன் பொம்பள இல்லிங்க. நீங்க யாரை வேணா விசாரிச்சுக்கலாம்.”

“இல்லவே இல்ல,” என்றார் ஆரோக்கியம் சொல்தா. “ரெண்டு புள்ள.”

கொம்மிசேர் மீசையைத் தடவினார். “அப்ப இது சக்களத்தி.”

“சக்களத்தி சைகோன்ல இல்ல கீறா?”

“அது வெளியூர் சக்களத்தி. இது உள்ளூரு.”

சின்னபொண்ணு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆம்பிளையாக இருந்தால் புருஷனைக் கொன்ற கேஸ், பொம்பளையாக இருந்தால் சக்களத்தியைக் கொன்ற கேஸ். எலும்பு எந்தப் பக்கம் திரும்பினாலும் ஜெயில் அவள் பக்கமே திரும்பியது.

சபைக்கு வேறு கவலை. கத்தி வைத்திருந்த பொம்பளை என்றால், துரை இதுவரை தாழிகளைப் பற்றிச் சொன்ன எல்லாவற்றையும் மறுபடி அவிழ்த்துப் பார்க்கவேண்டி வரும். ஆகவே எங்கள் ஊராட்சி ஆபீசான கொம்யூன் கட்டடத்து வேப்பமரத்தடியில் அவசரக் கூட்டம். துரையின் பேச்சு சுருக்கமாக இருந்தது.

“எலும்பு தவறலாம். இரும்பு தவறாது. கத்தி இருந்தால் ராஜா.”

“எலும்பை மாற்ற முடியாது, முசியே,” என்றார் டாக்டர்.

“உண்மைதான். டாக்டர்களை மாற்ற முடியும். காரைக்காலில் கொசு அதிகம் என்கிறார்கள், ஒரு டாக்டர் தேவைப்படுகிறாராம்.”

டாக்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தாம் பார்த்தபோது வெளிச்சம் போதவில்லை என்றார். ஓட்டெடுப்பு நடந்தது. கூட்டத்துக்கு வந்தவர்களைவிட இரண்டு ஓட்டு கூடுதலாக விழுந்து தாழியில் இருந்தவர் ஆண் என்று தேர்வானார். காலமாகிவிட்ட இரண்டு உறுப்பினர்களும் கடமை தவறாமல் ஓட்டுப் போட்டிருந்தார்கள். எங்கள் பக்கத்துத் தேர்தலில் அது புதுசில்லை. உயிரோடிருக்கும் பொம்பளைக்கு ஓட்டுக் கிடையாது. செத்துப்போன ஆம்பிளைக்கு எப்போதும் உண்டு. அதனால்தான் எங்கள் கொம்யூன் தலைவரான மேர் சாமிநாதன் எழுந்து, ராஜாவின் பெயரை வரும் தேர்தல் பட்டியலில் சேர்க்கலாமா என்று கேட்டார். ராஜா எந்தக் கட்சி என்று தெரியாததால் அது மட்டும் ஒத்திவைக்கப்பட்டது.

ராஜா இருந்தால் ராணி இருக்கவேண்டும் என்றார் துரை. பக்கத்திலேயே இருப்பாள், பானையோடு இருப்பாள். சின்னபொண்ணுவின் கொல்லையைத் தோண்டினார்கள். பூப்பிடித்திருந்த மல்லாட்டைச் செடியெல்லாம் பிடுங்கி ஓரமாக எறிந்தார்கள். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். கால் வைக்கக்கூடாதே. கடைசியில் இன்னொரு தாழி வந்தது. உள்ளே இரண்டு பானை, நூல் நூற்கிற மண்தக்களி, நன்றாக அரைத்துத் தேய்ந்த ஒரு கல் குழவி.

“ராணி,” என்று மொழிபெயர்த்தார் உலகநாதன், துரை வாயைத் திறக்குமுன்.

எல்லோரும் டாக்டரைப் பார்த்தார்கள். டாக்டர் வானத்தைப் பார்த்தார். ஆனால் அந்த எலும்பு ஆறடி ஆளுடையது. தாடையெலும்பு கலப்பைக் கொழு மாதிரி இருந்தது. துரையே ஒரு நிமிஷம் தடுமாறினார். பிறகு தெளிந்தார்.

“ராஜாவின் சமையல்காரன்.”

துள்ளிக் குதித்தவர் கொம்மிசேர். “ஆம்பளை கெடைச்சிட்டான். ஏம்மே, செல்லப்பனுக்குச் சமைக்கத் தெரியுமா?”

“சோறு வடிப்பாருங்க.”

“எழுதிக்கோ,” என்றார் சிப்பாயிடம். முதல் தாழி சக்களத்தி, இரண்டாம் தாழி புருஷன். கேஸ் ஒன்றுக்கு இரண்டாகிவிட்டது. நீதிபதியே ஊருக்கு வந்து விசாரிப்பார், அதற்குப் பிறகு புதுச்சேரிக்குக் கொண்டுபோக வண்டி தயார் என்று உத்தரவாயிற்று. வண்டிக்காரன் கண்ணையன் மாட்டுக்குப் புல்லைக்கூடக் கட்டி வைத்துவிட்டான்.

விசாரணையன்று காலையில் சின்னபொண்ணுவைக் கொம்யூன் கட்டடத்துத் தாழ்வாரத்தில் உட்கார வைத்திருந்தார்கள். கொம்மிசேர் பக்கத்தில் நாற்காலி போட்டு இட்டிலி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வோர் இட்டிலியையும் பிட்டு உள்ளே பார்த்துவிட்டுத்தான் தின்றார். வயிறு நிறைந்ததும் அவருக்கு மனசு இளகியது.

“எனக்கு உம்மேல கோவம் ஒண்ணும் கெடையாதும்மே. குத்தவாளி இல்லாம நான் கேசை மூட முடியாது. அதான் சங்கதி. மூடாத கேசை மேல ஒருத்தன் கேப்பான், அவனை அவனுக்கு மேல ஒருத்தன் கேப்பான், பாரீசு வரைக்கும் கேட்டுக்கினே போவான்.”

“தொப்பிக்காரரு சொல்ற மாதிரி ரெண்டாயிரம் வருசத்துக் கொலையா இருந்தா?”

“ரெண்டாயிரம் எதுக்கு? பத்து வருசம் தாண்டிட்டாலே கொலைக்குத் தண்டனை கெடையாது. பிரெஞ்சு சட்டம்.”

“அப்ப வுட்டுட வேண்டியதுதான?”

“எப்படி வுடறது? குத்தவாளி இருந்து தண்டனை இல்லன்னா கேசு முடிஞ்சிடும். குத்தவாளியே இல்லன்னா முடியாதே.”

சின்னபொண்ணு கொம்மிசேரை முதல்தடவையாக மரியாதையோடு பார்த்தாள். “இத்த மொதல்லயே சொல்லியிருக்கலாமே நீங்க,” என்றாள்.

நீதிபதி வந்தார். வயசான வெள்ளைக்காரர், வெயிலுக்கும் எங்களுக்கும் பயந்தவர். ஊர் முழுக்கக் கூடியிருந்தது. உலகநாதன் குற்றச்சாட்டை வாசித்து, ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்று கேட்டார்.

“நாந்தாங்க கொன்னேன்.”

ஆரோக்கியம் சொல்தா தொப்பியைக் கீழே போட்டுவிட்டார்.

“யாரை?” என்றார் நீதிபதி.

“ராஜாவ.”

“எப்போது?”

“அந்தத் தொப்பிக்காரரு சொன்னாரே, அப்பங்க.”

நீதிபதி தெலமார் துரையைப் பார்த்தார். துரை எழுந்து, இரண்டாயிரம் ஆண்டுகள் என்று சபை ஏகமனதாக முடிவு செய்திருப்பதாகச் சொன்னார். எழுந்த பிறகுதான் அவருக்கு இக்கட்டு புரிந்தது. இவள் சொல்வது பொய் என்றால், வருஷக் கணக்கு பொய்யாகவேண்டும், அல்லது ராஜா பொய்யாகவேண்டும். துரை உட்கார்ந்தார்.

“பெண்ணே, உன் வயது என்ன?”

“தெரியாதுங்க.”

“இவளுடைய பிறப்புப் பதிவு எங்கே?”

மேர் சாமிநாதன் கையைப் பிசைந்தார். எங்கள் கொம்யூனில் கன்றுக்குட்டி பிறந்தால்கூட ஏட்டில் ஏற்றிவிடுவோம். ஆனால் சின்னபொண்ணு பிறந்தது வரப்புக்கு அந்தப் பக்கம், இங்கிலீஷ்காரன் எல்லையில். வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவள் பிறந்ததாகப் பிரெஞ்சு ராஜ்யத்தில் எந்த அத்தாட்சியும் கிடையாது. அதைக் கேட்டு வாங்க வேண்டுமென்றால் பாரீசு லண்டனுக்கு எழுதவேண்டும்.

லண்டன் என்றதும் நீதிபதி கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் கொன்றதாகக் குற்றவாளி சொல்வதை மறுக்க இந்த நீதிமன்றத்தின் வசம் ஆதாரம் ஏதும் இல்லை,” என்றார்.

தெலமார் துரைக்கு மட்டும் மனசு ஆறவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்க அனுமதி வாங்கினார். “கத்தி ராஜாவின் கையில் இருந்தது. ஒரு பெண் எப்படி அவரை வென்றிருக்க முடியும்?”

“கத்தி அவர்கிட்டதாங்க இருந்துச்சு. எங்கிட்ட கொழவி இருந்துச்சு.”

துரையின் முகம் பூவாக மலர்ந்தது. பெண் என்றால் அரைக்கிற கல். எல்லாம் அததன் இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. தம்முடைய கொள்கைக்கு இதைவிடச் சிறந்த நிரூபணம் இல்லை என்று அவர் அழாக்குறையாகச் சொன்னார்.

“இரண்டாவது தாழி? அந்தச் சமையல்காரன்?” என்று விடாமல் கேட்டார் கொம்மிசேர்.

“அவன் பாத்துட்டாங்க.”

கொம்மிசேரும் உட்கார்ந்தார். இரண்டு கேசும் முடிந்துவிட்டன. நீதிபதி தீர்ப்புச் சொன்னார்: குற்றம் நிரூபணமாயிற்று, தண்டனைக்கு உரிய காலம் கடந்துவிட்டது, கொல்லையை அவளிடம் ஒப்படைக்கலாம். கண்ணையன் வண்டிமாட்டை அவிழ்த்துவிட்டான்.

ராஜா புதுச்சேரிக்குப் போனார். மூவர்ணக் கொடி போர்த்தி, முன்னால் பாண்டு, பின்னால் தவில். சங்கு வளையலைக் கழற்றிவிட்டுத்தான் கொண்டுபோனார்கள். பார்க்கிறவர்கள் தவறாக நினைத்துவிடக்கூடாதாம். மடியில் இருந்த சின்ன எலும்புகளைக் கொண்டுபோகவில்லை. சபையின் முடிவுப்படி அவை ராஜாவுக்குச் சேராதவை. சின்னபொண்ணு அவற்றையும் வளையலையும் ஒரு துணியில் முடிந்து, குழியிருந்த இடத்திலேயே வைத்து மண்ணைத் தள்ளினாள். “தாயிங்கூட இருந்த புள்ள,” என்று மட்டும் சொன்னாள். எருக்குழியை வேறு இடத்தில் வெட்டினோம்.

அதற்குப் பிறகு ஊரில் அவள் மதிப்பே வேறு. ஏரித் தண்ணீர் முறை வந்தால் முதல் மடை அவளுக்கு. இரண்டாயிரம் வருஷத்துக் கொலைகாரியிடம் யார் போய் வாய் கொடுப்பது? சைகோனுக்குத் திரும்பக் கிளம்பிய ஆரோக்கியம் சொல்தா, செல்லப்பனுக்கு ஏதாவது சேதி உண்டா என்று கேட்கப் போய், கேட்காமலே திரும்பிவிட்டார்.

ஆனால் கொம்மிசேரால் சும்மா இருக்க முடியவில்லை. அடுத்த போகத்து மல்லாட்டை பிடுங்குகிற சமயம், தனியாகக் கொல்லைக்கு வந்து சேர்ந்தார். நாங்கள் நாலைந்து பேர் செடி ஆய்ந்துகொண்டிருந்தோம். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“கேசு முடிஞ்சுது. இத்த நான் எழுதமாட்டேன், எங்கியும் சொல்லமாட்டேன். எனக்கு ராத்திரி தூக்கம் வரலை. எனக்கு மட்டும் சொல்லு. அந்த ராஜாவ எதுக்கு நீ கொன்ன?”

சின்னபொண்ணு நிமிரவில்லை. ஒரு செடியைக் கொத்தோடு பிடுங்கி, மண்ணை உதறினாள்.

“ஓயாம கேள்வி கேட்டுக்கினே இருந்தாருங்க.”

கொம்மிசேர் தொப்பியை மாட்டிக்கொண்டார். எங்களைப் பார்த்தபடியே, முதுகைக் காட்டாமல், வரப்பு வரைக்கும் பின்பக்கமாகவே நடந்து போனார்.